235ஆம் உறுப்புரைக்குச் சட்டம் எப்போது? தென்னாபிரிக்க சுதந்திர முன்னணி பிளஸ் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கட்சித் தலைவர் கோர்னே மல்டர் அவர்களுக்கும், கட்சியின் தலைமைக் குழுவினருக்கும்,

வணக்கம்.

2025 ஜூன் மாதம் வாஷிங்டன் போய் வெள்ளை மாளிகை அலுவலர்களைச் சந்தித்து வந்தீர்கள். தென்னாபிரிக்காவிடம் அமெரிக்கா எதையெல்லாம் எதிர்பார்க்கிறது என்பதை நாடு திரும்பி அறிவித்தீர்கள். அது உங்கள் அரசியல். போகவேண்டாம் என்று சொல்ல, தமிழ் வாசகர்களான நாங்கள் யார்? ஆனால் ஆஃப்ரிகானர்களின், அதாவது ஆஃப்ரிகான்ஸ் மொழி பேசும், பெரும்பாலும் டச்சு வழிவந்த வெள்ளையர்களின், குரலாக உங்கள் கட்சியைத் தொடங்கிய ஜெனரல் கொன்ஸ்ரன்ட் வில்யூன் பெற்றுத் தந்த ஒரு வாக்கியம் கேப் டவுனில், அரசியலமைப்பின் 235ஆம் உறுப்புரையில், 1996 முதல் அப்படியே கிடக்கிறது. பொதுவான பண்பாட்டு, மொழி மரபுள்ள எந்தச் சமூகத்தின் சுயநிர்ணய உரிமையையும் ஒரு நிலப்பரப்புக்குள்ளோ வேறெந்த வழியிலோ ஏற்கலாம், அதைத் தேசியச் சட்டம் தீர்மானிக்கும் என்பது அதன் சாரம். அந்தத் தேசியச் சட்டம் இன்றுவரை சட்டப் புத்தகத்தில் இல்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அந்தச் சட்டத்துக்கான சட்டமூலத்தை முழு வாசகத்தோடு எழுதி, பாராளுமன்றத்தின் கீழவையான தேசிய சபையின் மேசையில் வையுங்கள்.

வில்யூனின் வரலாற்றை உங்களுக்கு எடுத்துச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் ஆண்டுதோறும் அவரை நினைவுகூரும்போது 1994 மார்ச் 4 முதல் ஏப்ரல் 23 வரையான அந்த ஏழு வாரங்களின் கணக்கை யாரும் சரியாக எடுத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. 1985இல் பாதுகாப்புப் படைத் தலைமையிலிருந்து ஓய்வுபெற்று ஓரிக்ஸ்டாட் பண்ணைக்குப் போனவரை, 1993 மே மாதம் பொட்செஃப்ஸ்ட்ரூமில் திரண்ட ஆயிரக்கணக்கான விவசாயிகள்தான் திரும்ப அழைத்துவந்தார்கள். வலதுசாரிக் குழுக்களின் கூட்டணியான ஆஃப்ரிகானர் மக்கள் முன்னணி பிறந்தது. அவர் அழைத்தால் ஆயுதத்தோடு வரக்கூடியவர்கள் பல்லாயிரம் பேர் இருந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், இனவாதத்தை எதிர்த்து நின்ற இரட்டைச் சகோதரர் பிராம் வில்யூனின் முயற்சியால், ஜெனரல் ஜொகனஸ்பேர்க் ஹௌட்டனில் மண்டேலாவின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். தேநீர் ஊற்றிக் கொடுத்தவர் மண்டேலா.

பிறகு 1994 மார்ச் 4. பதிவுக்கான காலக்கெடு முடியச் சற்றுமுன், தன் தோழர்கள் பலரின் எதிர்ப்பையும் மீறி, உங்கள் கட்சியான சுதந்திர முன்னணியைத் தேர்தலுக்குப் பதிவு செய்தார். ஒரு வாரத்தில், இனவொதுக்கல் அரசு கறுப்பினத்தவருக்கென உருவாக்கிய தாயகங்களில் ஒன்றான பொபுதட்ஸ்வானா வெடித்தது. அதன் ஆட்சியாளர் மங்கோப்பேயைக் காப்பாற்றப் போன மக்கள் முன்னணிப் படையில், தீவிர வெள்ளையினவாத அமைப்பான ஏ.டபிள்யூ.பி.யின் ஆட்கள் கலக்கக்கூடாது என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவர்கள் கேட்கவில்லை. தெருவில் போனவர்களைச் சுட்டுக்கொண்டு ஊர்வலமாக வந்தார்கள். மார்ச் 11 அன்று அவர்களில் மூவர் காயப்பட்டுக் காரருகே கிடந்தபோது ஒரு பொலிஸ்காரர் சுட்டுக்கொன்றார். கமராக்கள் எல்லாவற்றையும் பதிவு செய்தன. வில்யூன் படையைத் திருப்பி அழைத்தார், மக்கள் முன்னணிப் பொறுப்பைத் துறந்தார், வேட்பாளர் பட்டியலைக் கொடுத்தார். ஏப்ரல் 23 அன்று, வாக்களிப்பு தொடங்க மூன்றே நாள் இருக்கையில், ஆபிரிக்க தேசிய காங்கிரசும் அன்றைய அரசும் உங்கள் கட்சியும் ஆஃப்ரிகானர் சுயநிர்ணய உடன்பாட்டில் கையொப்பமிட்டன.

அந்த உடன்பாடு அவரிடம் ஒரு சான்று கேட்டது: இந்தக் கோரிக்கைக்கு மக்களிடம் கணிசமான ஆதரவு உண்டா? அதற்குத் தேர்தலே அளவுகோல் ஆனது. தேசிய வாக்குச்சீட்டில் 4,24,555 வாக்குகள், 2.17 சதவீதம், 9 ஆசனங்கள். மாகாண வாக்குச்சீட்டுகளில் ஆறு லட்சத்துக்கும் மேல். விகிதாசார முறையில் குறைந்தபட்ச வெட்டுப்புள்ளி எதுவும் இல்லாததால்தான் 1999இல் 0.8 சதவீதமாகச் சரிந்த பிறகும் உங்களுக்கு மூன்று ஆசனங்கள் மிஞ்சின. அதே தயவில்தான் இன்றும் 1.36 சதவீதத்துக்கு ஆறு ஆசனங்கள். சிறு கட்சிகள்மீது இத்தனை கனிவுள்ள தேர்தல் முறை உலகில் அதிகம் இல்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள் என்பதே கேள்வி.

1996 மே 8 அன்று அரசியலமைப்பு 421 வாக்குகளால் நிறைவேறியபோது எதிர்த்தவர்கள் இருவர். வாக்களிக்காமல் ஒதுங்கிய பத்துப் பேரும் உங்கள் கட்சியினர். உள்ளே 235 இருந்தது. கையில் சட்டம் இல்லை. ஆதரிக்கவும் மனமில்லை, எதிர்க்கவும் முடியவில்லை. அந்த நிலை வில்யூனுக்குப் புரிந்துகொள்ளக்கூடியது. முப்பது ஆண்டு கழித்தும் கட்சி அங்கேயே நிற்பதுதான் புரியவில்லை.

சட்டம் இல்லாததால் யாருக்கு நஷ்டம் என்று கேட்பவர்களுக்காக ஒரே ஒரு ஊரைச் சொல்கிறோம். எர்மெலோ. வில்யூன் பிறந்த ஸ்டாண்டர்டன் இருக்கும் அதே ம்புமலாங்கா மாகாணம். 2007 ஜனவரியில், எட்டாம் தரத்துக்கு வந்த 113 பிள்ளைகளுக்கு அந்த ஊரில் எந்தப் பாடசாலையிலும் இடமில்லை. ஆஃப்ரிகான்ஸ் மட்டும் கற்பிக்கும் எர்மெலோ உயர்நிலைப் பாடசாலையில் 589 மாணவர்கள் இருந்தார்கள். கட்டடமோ ஏறக்குறைய 1,200 பேரைத் தாங்கக்கூடியது. மொழிக் கொள்கையை மாற்ற நிர்வாக சபை மறுத்தது. மாகாணக் கல்வித் தலைவர் அந்தச் சபையின் அதிகாரத்தைப் பிடுங்கி, இடைக்காலக் குழு ஒன்றை வைத்து, ஒரே நாளில் கொள்கையை மாற்றினார். நிர்வாக சபை நீதிமன்றம் போனது. அந்த 113 பிள்ளைகளும் பாவனையில் இல்லாத ஒரு சலவைக் கட்டடத்தில் உட்காரவைத்துப் படிப்பிக்கப்பட்டார்கள்.

துணி துவைத்த இடத்தில் வகுப்பு. பக்கத்திலேயே பாதி காலியான பாடசாலை.

அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னபோது இரு தரப்புக்கும் குட்டு விழுந்தது. கல்வித் தலைவர் போன வழி சட்டவிரோதம்; ஆனால் மொழிக் கொள்கை என்பது ஒரு பாடசாலையின் தனிச் சொத்தும் அல்ல, சுற்றியுள்ள சமூகத்தின் தேவையையும் நிர்வாக சபை பார்த்தாக வேண்டும். நியாயமான தீர்ப்பு. ஆனால் தீர்ப்பு வரும்போது அந்தப் பிள்ளைகள் எட்டாம் தரத்தை எப்போதோ தாண்டியிருப்பார்கள்.

இது ஏன் நீதிமன்றம்வரை போனது? ஒரு மொழிச் சமூகம் தன் பாடசாலையை எந்த எல்லைவரை தானே நடத்தலாம், எந்த இடத்தில் பக்கத்துப் பிள்ளைக்குக் கதவைத் திறந்தாக வேண்டும் என்று சொல்ல ஒரு சட்டம் இல்லை. இருப்பது 29ஆம் உறுப்புரையில் உள்ள ‘நியாயமாக நடைமுறைக்கு இயலுமானால்’ என்ற ஒரு சொற்றொடர் மட்டும். ஒவ்வொரு முறையும் நீதிபதிகள் அதைப் புதிதாக அளக்கிறார்கள். 2017இல் ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழக வழக்கில் ஆஃப்ரிகான்ஸ் தரப்பு தோற்றது. 2019இல் ஸ்டெலன்போஷ் வழக்கிலும் தோல்வி. 2021இல் யூனிசா பல்கலைக்கழக வழக்கில் வெற்றி. 2018இல் பெரீனிகிங்கின் ஓவர்வால் பாடசாலை 55 ஆங்கிலமொழி மாணவர்கள் விடயத்தில் உயர் நீதிமன்றத்தில் வென்றது. வாசலில் ஆர்ப்பாட்டம், கல்லெறி. வென்றாலும் தோற்றாலும் சட்டத்தரணிக்குச் சம்பளம் உறுதி. பெற்றோருக்கு அடுத்த ஆண்டு என்ன நடக்கும் என்பது உறுதியில்லை.

கடைசியில் என்ன நடந்தது? நீங்கள் எழுதாத இடத்தில் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். 2024 செப்டம்பர் 13 அன்று ஜனாதிபதி ரமபோசா கையொப்பமிட்ட அடிப்படைக் கல்விச் சட்டங்கள் திருத்தச் சட்டம், பாடசாலை மொழிக் கொள்கைக்கு மாகாணக் கல்வித் தலைவரின் அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கியது. டிசம்பர் 24 முதல் நடைமுறை. அதை எதிர்த்து வீதியில் நின்றீர்கள். அதே அரசில் அமைச்சரவையிலும் இருக்கிறீர்கள், சிறைச்சாலைகள் உங்கள் கட்சியின் பீட்டர் குரூனவால்ட் கையில். பாடசாலைச் சாவி போய்விட்டது, சிறைச் சாவி வந்திருக்கிறது. இதற்காகவா வில்யூன் படையைத் திருப்பி அனுப்பினார்?

மன்னிக்கவும். கோரிக்கைக்கு வருகிறோம்: சட்டமூலத்தை மேசையில் வையுங்கள்.

ஆறு பேரால் என்ன முடியும் என்ற பதில் இனி செல்லாது. இன்கதா கட்சியின் மாரியோ அம்ப்ரோசினி தனி ஒருவராக வழக்குப் போட்டு, 2012 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் வென்றார். சட்டமூலம் கொண்டுவர முதலில் சபையின் அனுமதியைப் பெறவேண்டும் என்ற பழைய விதி அன்றே விழுந்தது. 73ஆம் உறுப்புரைப்படி எந்தத் தனி உறுப்பினரும் சட்டமூலம் கொண்டுவரலாம். வர்த்தமானியில் நோக்கக் குறிப்பை வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துக்குக் குறைந்தது மூன்று வாரம் கொடுத்து, சபாநாயகரிடம் கையளிப்பது முதற் கட்டம். அது 76ஆம் உறுப்புரை வழிக்குள் வந்தால், பாடசாலையும் பண்பாடும் மாகாணங்களோடு பகிர்ந்த அதிகாரம் என்பதால் பெரும்பாலும் வரும், மேலவையான மாகாணங்களின் தேசிய சபையில் ஒன்பதில் ஐந்து மாகாணங்களின் ஆதரவு வேண்டும். பொதுத் தேர்தல் வந்தால் முடியாத சட்டமூலம் காலாவதியாகிவிடும். ஆகவே பதவிக்காலத்தின் கடைசி ஆண்டில் கொடுப்பது, கொடுக்காததற்குச் சமம்.

வழுக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது பணம். நிதி ஒதுக்கும் சட்டமூலத்தை நிதி அமைச்சர் மட்டுமே கொண்டுவரலாம். சமூக சபைகளுக்கு இத்தனை கோடி என்று ஒரு வரி எழுதினாலும் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். அமைப்பை மட்டும் உருவாக்குங்கள், பணத்தை வரவுசெலவுத் திட்டத்துக்கு விடுங்கள்.

இரண்டாவது வரைபடம். உங்களைத் தொடக்கம் முதல் மூழ்கடித்தது அதுதான். 1994இல் அமைந்த 20 பேர் கொண்ட ஃபோக்ஸ்டாட் (ஆஃப்ரிகானர் தாயகம்) சபை அறிக்கை மேல் அறிக்கை எழுதியது. தாயகம் பிரிட்டோரியாவைச் சுற்றியா, ஒரேஞ்ச் ஆற்றங்கரை வறண்ட நிலத்திலா? ஆஃப்ரிகானர்கள் பெரும்பான்மையாக வாழும் மாகாணம் ஒன்றுகூட இல்லாத நாட்டில் கோடு கிழிப்பது எங்கே? 2001இல் பாராளுமன்றம் அந்தச் சபைக்கான சட்ட ஏற்பாடுகளையே நீக்கியது. ஆஃப்ரிகானர்களுக்கென்றே அமைந்த ஒரானியா மட்டும் தன் பாட்டில் ஒரு சிற்றூராக இருக்கிறது. அந்த உறுப்புரையிலேயே ‘வேறெந்த வழியிலோ’ என்று இருப்பதை உங்கள் கட்சி அதிகம் திரும்பிப் பார்த்ததில்லை. நிலம் இல்லாத வழி. மொழிச் சமூகம் தானே பதிவு செய்து தெரிவுசெய்யும் சபை, அதன் கீழ் பாடசாலை, நூலகம், வானொலி. அந்த வழியில் சட்டமூலம் எழுதினால் பாதிச் சண்டை தொடங்கு முன்னரே முடிந்துவிடும்.

2023இல் மேற்கு கேப் மாகாண சட்டசபையில் ‘மேற்கு கேப் மக்கள்’ சட்டமூலத்தை உங்கள் கட்சி முன்னெடுத்தது. 235ஐ மேற்கோள் காட்டினீர்கள். ஆனால் அந்த உறுப்புரை கேட்பது தேசியச் சட்டம். மாகாண சபையில் அதை நிறைவேற்ற முடியாது என்பது சட்டம் படிக்காதவருக்கும் தெரியும். வாசல் தெரிந்தும் பின்மதிலில் ஏறியது ஏன்? தலைப்புச் செய்தி வந்தது, சட்டம் வரவில்லை.

சட்டமூலத்தில் எல்லையும் எழுதப்பட வேண்டும். மொழிச் சமூக உரிமையை உரிமைகள் சாசனத்துக்கு முரணாகப் பயன்படுத்தக்கூடாது என்று 31ஆம் உறுப்புரையே சொல்கிறது. எர்மெலோவை மனதில் வைத்து எழுதுங்கள்: கொள்ளளவில் இடம் காலியாக இருந்தால், பக்கத்துப் பிள்ளையை மொழியைக் காட்டி வெளியே நிறுத்தக்கூடாது, வேறு மொழி வகுப்பொன்றைத் திறந்தாக வேண்டும். இந்த ஒரு வரியை நீங்களே முதலில் எழுதினால், இனவாதத்தைப் பின்கதவால் கொண்டுவருகிறார்கள் என்று சொல்பவர்களின் வாய் அடைபடும். எழுதத் தயங்கினால், அவர்கள் சொல்வது சரியோ என்ற ஐயம் எங்களுக்கும் வரும்.

சமூகம் என்பதற்குத் தோல் நிறத்தில் வரைவிலக்கணம் தேடாதீர்கள். 2022 கணக்கெடுப்பில் வீட்டில் ஆஃப்ரிகான்ஸ் பேசுவோர் 10.6 சதவீதம். அவர்களில் பெரும்பான்மையினர் வெள்ளையர் அல்ல, கலப்பினத்தவர். அவர்களை விட்டுவிட்டு மொழி உரிமை பேசினால் யார் நம்புவார்கள்? சிறுபான்மை மொழிகளின் வரிசை இன்னும் நீளம். 6ஆம் உறுப்புரையில் தமிழும் தெலுங்கும் இந்தியும் குஜராத்தியும் உருதும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதற் கப்பல் டர்பனில் வந்து சேர்ந்ததிலிருந்து அங்கே இருக்கும் மொழி எங்களுடையது. சமூக சபைகளைப் பரிந்துரைக்க 185ஆம் உறுப்புரையில் ஓர் ஆணைக்குழுவும் உண்டு, அதுவும் வில்யூன் காலப் பேரத்தின் விளைவே. ஆனால் அதன் பெயர் செய்தியில் அடிபட்டது, பக்தர்களைப் புல் தின்னவைத்த போதகர்களை விசாரித்ததற்காக.

உங்கள் நாட்டு உறுப்புரையில் தமிழருக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். 2014இல் இன்றைய ஜனாதிபதி ரமபோசாவே இலங்கைக்கான சிறப்புத் தூதராக வந்தார். தென்னாபிரிக்காவைப் பாருங்கள் என்று எங்களுக்குச் சொல்லப்படாத மாநாடு இல்லை. பார்த்தோம். 2002 டிசம்பரில் ஒஸ்லோவில் ‘உள்ளக சுயநிர்ணயம்’ என்று எழுதிய தாளையும், அதற்கும் முன்னர் 1957இல் எழுதி அடுத்த ஆண்டே கிழித்தெறியப்பட்ட பண்டா–செல்வா ஒப்பந்தத்தையும் வைத்திருக்கும் நாங்கள், உங்கள் 1994 உடன்பாட்டை வேறு கண்ணோடு படிக்கிறோம். எங்கள் தாள்களைக் கிழித்தார்கள், அல்லது கிடப்பில் போட்டார்கள். உங்களுடையதை அரசியலமைப்பிலேயே ஏற்றினார்கள். எங்களுக்குக் கிடைக்காத படி அது. அதற்கு மேல் ஒரு படி வைக்க உங்களுக்குத் தடையாக நிற்பது யார்?

ஒரு வேண்டுகோள் கூடுதலாக. வில்யூனை மேடையில் முழுதாக வையுங்கள். 1978 மே 4 அன்று அங்கோலாவின் கசிங்காவில் இருந்த நமீபியர் முகாம்மீது தென்னாபிரிக்கப் படை நடத்திய விமானத் தாக்குதலிலும் வான்குடைப் படைத் தாக்குதலிலும் அறுநூறு பேர் அளவில் கொல்லப்பட்டார்கள். அன்று தரைப்படைத் தலைவராக இருந்த அவர் களத்திலேயே போய் இறங்கினார். நமீபியாவில் அந்த நாள் இன்றும் பொது விடுமுறை. பண்ணையாளராகவும் சமாதானம் செய்தவராகவும் மட்டும் அவரைக் காட்டும் அஞ்சலிகள் நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக்கில் யாரையும் ஏமாற்றாது. கசிங்காவில் இறங்கிய அதே மனிதர்தான் 1999இல் மண்டேலா பாராளுமன்றத்தை விட்டுப் போனபோது கோசா மொழியில் அவருக்கு விடைகொடுத்தார். இரண்டையும் சொல்லும் துணிவு கட்சிக்கு வந்தால், சட்டமூலத்தை எதிர்ப்போரும் உட்கார்ந்து கேட்பார்கள்.

2001இல் அவர் விலகிய பிறகு கட்சித் தலைமையை ஏற்ற பீட்டர் மல்டர் 2009 முதல் 2014 வரை விவசாயப் பிரதி அமைச்சராக இருந்தார். இப்போது முழு அமைச்சர் பதவியே கிடைத்திருக்கிறது. பதவி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கூட்டரசில் பங்காளியாக இருப்பதால் உங்கள் சட்டமூலத்துக்குக் குழுவில் ஒரு நியாயமான விசாரணை கேட்கும் பலம் இன்று இருக்கிறது. 2019இல் பத்து ஆசனங்களோடு எதிர்க்கட்சியில் இருந்தபோது இருக்கவில்லை. அடுத்த தேர்தலுக்குப் பிறகு இருக்குமா என்பதை வாக்காளர்தான் சொல்லவேண்டும்.

ஆகவே தயவுசெய்து, இந்தப் பாராளுமன்றக் காலத்தின் கடைசி ஆண்டு தொடங்குவதற்குள் 235ஆம் உறுப்புரைக்கான சட்டமூலத்தின் நோக்கக் குறிப்பை வர்த்தமானியில் வெளியிடுங்கள். கருத்துக் கேட்கும் அந்த மூன்று வாரத்தில் ஆஃப்ரிகான்ஸ் பேசும் கேப் டவுனின் கேப் ஃபிளாட்ஸ் பகுதிப் பெற்றோரையும், எர்மெலோவின் கறுப்பினக் குடியிருப்பான வெசல்டன் பெற்றோரையும், டர்பனின் தமிழ்ச் சங்கங்களையும் எழுத்தில் கருத்துத் தரும்படி அழையுங்கள். சட்டமூலம் தோற்றாலும் பரவாயில்லை. எதை எதிர்த்து வாக்களித்தார்கள் என்பது அப்போதாவது பாராளுமன்றப் பதிவில் இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
தமிழ் வாசகர்கள்